ஆயில் விளக்கு, செயின் சத்தம், கேம் டைமிங் கோடு: பழைய காரில் எங்கிருந்து தேடுவது

கேம் டைமிங் கோடு, அதாவது வால்வு நேரம் தவறியதாக காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பிழை எண் (code) வந்துவிட்டது என்றதும் செயின் கிட் வாங்க ஓடுவதுதான் பழைய கார்களில் அதிகப் பணத்தைத் தின்னும் தவறு. விவிடி, அதாவது ஓட்டத்துக்கேற்ப வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு உள்ள பெரும்பாலான இன்ஜின்களில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை முன்னும் பின்னும் திருப்புவது ஆயில் அழுத்தம்தான். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் பெரும்பாலும் அதே அழுத்தத்தில்தான் நிற்கிறது. ஆயில் குறைந்தாலும் அழுக்கேறினாலும் முதலில் முரண்டு பிடிப்பது கேம் பக்கம். அதனால் கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் தேடும் வரிசை ஒன்றுதான்: ஆயில், ஃபில்டர், வயர், சோலனாய்டு (கேம் பக்கம் போகும் ஆயிலைக் கட்டுப்படுத்தும் மின்வால்வு), பிறகு கேஜ் (அழுத்தமானி). இத்தனையும் பார்த்து முடித்த பிறகே முன்பக்கக் கவரில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

## எதையும் கழற்றும் முன்

சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மீட்டரைப் பாருங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் சில விநாடிகளில் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் பல்போ வயரோ போயிருக்கிறது, அல்லது விற்பதற்காக யாரோ பிடுங்கிவிட்டிருக்கிறார்கள். சில புதிய கார்களில் சாவி ஆனில் இந்த விளக்கு எரியாது என்பதால் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 5 முதல் 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே சுமார் 1 லிட்டர் இருக்கும். ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறியிருந்தாலோ எரிபொருள் ஆயிலில் கலந்திருக்கிறது. டிபிஎஃப், அதாவது புகைக்கரி வடிகட்டி உள்ள டீசல் கார் குறைந்த தூரமே ஓடிக்கொண்டிருந்தால் இது அடிக்கடி நடக்கும். பாலேடு போன்ற வெளுத்த படலம் கொஞ்சமாக மூடியின் அடியில் இருந்தால் குளிர்ந்த ஈரமாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலேயே இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. அந்த இன்ஜினை ஓட்டாதீர்கள்.

அளவு மேல்கோட்டைத் தாண்டியிருப்பதும் கோளாறுதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஆயிலில் அடித்து நுரை கிளப்பும். பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும்.

அடுத்தது ஸ்கேனர். கோடுகளைப் படித்து எழுதி வையுங்கள், ஃப்ரீஸ் ஃபிரேமையும் (கோடு விழுந்த நொடியில் பதிவான அளவுகள்) சேர்த்து. அதற்குப் பிறகுதான் அழிக்கலாம். வாங்கப் போகும் காரில் கோடு ஒன்றுமே இல்லாமல், கம்ப்யூட்டரின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று சொல்லும் ரெடினெஸ் பட்டியலில் பாதிக்கு மேல் முடியவில்லை என்று காட்டினால், அண்மையில் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

## அறிகுறி: ஓடிக்கொண்டிருக்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறது

ஓரங்கட்டி உடனே அணையுங்கள். அடுத்த பங்க் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். இந்த விளக்கின் சுவிட்ச் பெரும்பாலான கார்களில் 0.3 முதல் 0.5 பார் வரை அழுத்தம் இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். விளக்கு எரியும்போது பேரிங்குக்கு ஆயில் கிட்டத்தட்ட போகவில்லை என்று அர்த்தம்.

ஆயில் அளவு குறைவாக இருந்தால்: சரியான கிரேடு ஆயிலை மேல்கோடு வரை ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். 5 விநாடிக்குள் விளக்கு அணைந்து, தட்டும் சத்தமும் இல்லை என்றால் காரை மெதுவாக எடுத்துச் செல்லலாம். ஆயில் எங்கே போனது என்பதைக் கண்டுபிடிக்காமல் விடாதீர்கள்: வடிகால் போல்ட், ஃபில்டர் ரப்பர், ஆயில் சுவிட்சின் அடி, கிராங்க் சீல், இல்லாவிட்டால் சைலன்சரில் நீலப்புகை.

அளவு சரி, சத்தமும் இல்லை என்றால்: சுவிட்ச் மேல் சந்தேகம். கனெக்டரைப் பிடுங்கி உள்ளே பாருங்கள். ஆயில் ஊறி நின்றால் சுவிட்ச் போய்விட்டது. ஒற்றை வயர் கொண்ட பழைய வகையில், கனெக்டரைக் கழற்றினால் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் வயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகியிருக்கிறது. இரண்டு மூன்று வயர் உள்ள சென்சார்களில் இந்தச் சோதனை செல்லாது. பி0520 முதல் பி0523 வரையிலான கோடுகள் சென்சாரையும் அதன் சர்க்யூட்டையும் காட்டும். பி0524 மட்டும் அழுத்தமே குறைவு என்கிறது. எது வந்தாலும் சென்சாரை மாற்றுவதற்கு முன் கேஜ் மாட்டி உண்மை அழுத்தத்தைப் பாருங்கள்.

அளவு சரி, ஆனால் தட்டும் சத்தம் வருகிறது என்றால்: மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். நீங்களே பார்க்கும் கட்டம் இங்கே முடிகிறது.

## அறிகுறி: சூடான பிறகு ஐடிலில் மட்டும் விளக்கு மினுக்குகிறது

காலையில் ஒன்றும் இருக்காது. அரைமணி நேரம் ஓட்டி சிக்னலில் நிற்கும்போது விளக்கு மினுக்கும். ஆக்சிலேட்டரைத் தொட்டதும் அணைந்துவிடும். சூட்டில் ஆயில் இளகியிருக்கும், ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுற்றும். இரண்டும் சேரும் இடம் அது. தேய்மானம் எங்கே இருந்தாலும் முதலில் தெரிவது இங்கேதான்.

காரணங்கள், செலவு குறைந்ததிலிருந்து: எரிபொருள் கலந்த ஆயில் அல்லது தவறான கிரேடு, மட்டமான ஃபில்டர், சுவிட்ச், சம்ப்புக்குள் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) ஸ்டிரெய்னர் என்ற உறிஞ்சு வலை அடைப்பு, கூடுதல் அழுத்தத்தைத் திறந்துவிடும் பம்ப்பின் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்குவது, பம்ப் தேய்மானம், கடைசியாக கிராங்க்கின் மெயின் பேரிங்கும் பிக் எண்ட் பேரிங்கும்.

கெட்டியான ஆயில் ஊற்றி விளக்கை அணைத்துவிடுவது பழைய தந்திரம். விற்கும் முன் இதைச் செய்கிறவர்கள் உண்டு. கையேடு 5டபிள்யூ-30 கேட்கிற விவிடி இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், குளிரில் கேம் பக்கம் ஆயில் ஏறத் தாமதமாகும். விளக்கு அணைந்த இடத்தில் கேம் கோடு முளைக்கும். முதலில் ஆயிலும் ஃபில்டரும் கையேட்டில் சொன்னபடி மாற்றுங்கள். அதன் பிறகு எடுக்கும் அளவுதான் நம்பத்தக்கது.

### கேஜ் மாட்டும் முறை

0 முதல் 10 பார் வரை காட்டும் மெக்கானிக்கல் கேஜும் சரியான அடாப்டரும் வேண்டும். ஆயில் சுவிட்சின் மரை பெரும்பாலும் எம்10 (மரை இடைவெளி 1 மில்லிமீட்டர்), அல்லது 1/8 அங்குல பைப் மரை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கையால் மூன்று சுற்றாவது இலகுவாகப் போக வேண்டும். முதல் சுற்றிலேயே இறுகினால் தவறான அடாப்டர். பலவந்தமாகத் திருகினால் அலுமினிய பிளாக்கில் மரை போய்விடும்.

1. குளிர்ந்த இன்ஜினில் சுவிட்சைக் கழற்றி கேஜை மாட்டுங்கள். குழாய் சைலன்சர் மேனிஃபோல்டையோ பெல்ட்டையோ தொடாதபடி கட்டுங்கள்.
2. ஸ்டார்ட் செய்து, முள் எழ எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள்.
3. ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை சூடாக்குங்கள். கூலன்ட்டைவிட ஆயில் தாமதமாகத்தான் சூடேறும். அவசரப்பட்டால் பொய்யான நல்ல அளவு கிடைக்கும்.
4. ஐடிலிலும், 2000 ஆர்பிஎம்மிலும், 3000 ஆர்பிஎம்மிலும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கையேட்டில் உங்கள் இன்ஜினுக்கான எண் இருந்தால் அதுவே முடிவு. இல்லாவிட்டால், ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார் என்ற பழைய பட்டறைக் கணக்கு கைகொடுக்கும். ஆயில் பம்ப்பைக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்தும் புதிய இன்ஜின்களில் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கையேட்டு எண்தான்.

### முள் சொல்வதைப் படிக்கும் விதம்

சூட்டில் ஐடிலில் 1 பாருக்கு மேல், 3000-ல் 3 பார் அளவில் நின்றால் பெரும்பாலான இன்ஜின்களுக்கு அது நல்ல அழுத்தம். விளக்கு பொய் சொல்கிறது. சுவிட்சை மாற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ஐடிலில் குறைவு, ரேஸ் செய்தால் ஓரளவு ஏறுகிறது என்றால் ஆயில் இளகிவிட்டது அல்லது பேரிங் இடைவெளி கூடிவிட்டது. புது ஆயிலிலும் அதே அளவு வந்தால் பேரிங் பக்கம் சந்தேகம் வலுக்கிறது.

ஐடிலில் பரவாயில்லை, ஆர்பிஎம் ஏற ஏற முள் இறங்குகிறது என்றால் ஸ்டிரெய்னர் அடைப்பு. பம்ப் கேட்கிற அளவுக்கு வலை ஆயிலை விடவில்லை. முள் நடுங்கிக்கொண்டே இருந்தால் காற்று கலக்கிறது: அளவு கூடியிருக்கலாம், அல்லது உறிஞ்சு குழாயின் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருக்கலாம்.

எல்லா வேகத்திலும் குறைவு என்றால் ரிலீஃப் வால்வு அல்லது பம்ப். எல்லா வேகத்திலும் மிக அதிகம் என்றால் ரிலீஃப் வால்வு மூடியபடி சிக்கியிருக்கிறது. ஃபில்டரை உப்ப வைத்து ரப்பரைப் பிதுக்கிவிடும் என்பதால் இதையும் தள்ளிப்போடாதீர்கள்.

### சம்ப்பை இறக்கினால்

கீழே கிடப்பதை வைத்தே பாதி வழக்கு முடிந்துவிடும். கறுத்த களிம்பு என்றால் ஆயில் காலத்துக்கு மாற்றப்படவில்லை. ரப்பர் இழைகள் போன்ற துணுக்குகள் வலையில் படிந்திருந்தால், ஆயிலுக்குள்ளேயே ஓடும் வகை டைமிங் பெல்ட் உரிகிறது. வலையைக் கழுவி மாட்டினால் போதாது, பெல்ட்டையும் மாற்ற வேண்டும். பழுப்பு அல்லது கறுப்பு பிளாஸ்டிக் சில்லுகள் செயின் கைடு உடைந்ததைக் காட்டும். சிலிக்கான் பசைத் துண்டு சிக்கியிருந்தால் முன்பு சம்ப்பை மூடியவர் பசையை அள்ளிப் பூசியிருக்கிறார். நீங்கள் மூடும்போது 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரே கோடு போதும். போல்ட் ஓட்டைகளுக்கு உட்புறமாகப் போடுங்கள்.

காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறத் தூள் மின்னினால் பேரிங் மேல்பூச்சு போய் அடிப்படலம் தெரிகிறது. பழைய ஃபில்டரையும் அறுத்து, காகித மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் தெரியாத மினுமினுப்பு அந்த மடிப்பில் தெரியும். இதைக் கண்டால் இன்ஜின் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பேரிங் கேப்பைக் கழற்றி பிளாஸ்டிகேஜ் வைத்து இடைவெளி அளப்பது, கிராங்க்கை லேத்தில் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை.

களிம்பு படிந்த இன்ஜினில் ஃப்ளஷ் திரவம் ஊற்ற வேண்டாம். ஒரேயடியாகக் கழன்ற கட்டிகள் நேரே ஸ்டிரெய்னர் வலையில் போய் உட்காரும். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அன்றே பிடித்துக்கொள்ளும். நல்ல ஆயில் ஊற்றி, மாற்றும் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, இரண்டு மூன்று முறை மாற்றினால் மெதுவாகச் சுத்தமாகும்.

## அறிகுறி: காலை ஸ்டார்ட்டில் சில விநாடி கடகடப்பு

இரவு முழுக்க நின்ற காரில்தான் இதைப் பார்க்க முடியும். வாங்கப் போகும் காரைப் பார்க்கச் சென்றால் முதலில் பானட்டைத் திறந்து இன்ஜின் மேல் உள்ளங்கையை வையுங்கள். நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள்.

எளிய காரணம் ஃபில்டர். உள்ளே இருக்கும் திரும்பாத ரப்பர் வால்வு கெட்டியாகிவிட்டால் ஆயில் இரவில் சம்ப்புக்கு இறங்கிவிடும். தரமான ஃபில்டர் போட்டு மறுநாள் காலை கேளுங்கள். சத்தம் போய்விட்டால் வேலை முடிந்தது.

போகவில்லை என்றால் நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கவரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். பெல்ட்டும் ஃபேனும் அருகில் ஓடுவதை மறக்காதீர்கள். முன்பக்கக் கவரின் நடுவில் உரசலோடு கடகடத்தால் செயின், டென்ஷனர், கைடு. கவரின் மேல் முனையில், கேம் தலைப்பில் ஒன்றிரண்டு விநாடி மட்டும் கரகரவென்று வந்து நின்றால் ஃபேஸரின் (ஆயில் அழுத்தத்தில் கேமைத் திருப்பும் பாகம்) பூட்டு ஊசி தேய்ந்திருக்கிறது. டேப்பெட் கவர் நெடுக மெல்லிய டிக்டிக் சத்தம் வந்து சூட்டில் அடங்கினால் ஹைட்ராலிக் டேப்பெட். அதற்குச் செயினைத் தொட வேண்டாம்.

சில இன்ஜின்களில் டென்ஷனரை மட்டும் வெளியிலிருந்தே கழற்றலாம், அல்லது சிறிய மூடி வழியாக அதன் தண்டு எத்தனை பல் வெளியே வந்திருக்கிறது என்று எண்ணலாம். கையேடு சொல்லும் எண்ணிக்கையைத் தாண்டியிருந்தால் செயின் நீண்டுவிட்டது. சூடான பிறகும் கடகடப்பு ஓயவில்லை என்றால் ஓட்டுவதை நிறுத்துங்கள். அடுத்தது பல் தாவுவதுதான்.

## அறிகுறி: பி0010 முதல் பி0015 வரை கோடு, ஐடில் ஆட்டம், பிக்கப் இல்லை

இந்தக் கோடுகளின் விளக்கத்தில் வரும் ஏ (A) பெரும்பாலும் இன்டேக் கேம், பி (B) எக்ஸாஸ்ட் கேம். பி0010, பி0013 சோலனாய்டின் மின்சுற்று. பி0011, பி0014 கேம் முந்தி நிற்கிறது. பி0012, பி0015 பிந்தி நிற்கிறது. கம்ப்யூட்டர் கேட்ட கோணத்துக்குக் கேம் வரவில்லை என்பது மட்டும்தான் இதன் பொருள். செயின் என்ற சொல்லே இதில் இல்லை.

ஆயில் அளவையும் கிரேடையும் சரிசெய்த பின், சோலனாய்டின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் அளவெடுங்கள். பலவற்றில் 6 முதல் 15 ஓம் வரை வரும். அளவே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. கனெக்டருக்குள் ஆயில் இருந்தால் அதுவும் கோளாறுதான். வயர் வழியாக ஆயில் கம்ப்யூட்டர் வரை ஊறிப் போவதும் உண்டு.

அடுத்து, சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது இன்டேக் சோலனாய்டுக்கு ஓரிரு விநாடி மட்டும் நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். இன்ஜின் தடுமாற வேண்டும், அல்லது நின்றுவிட வேண்டும். அப்படி ஆனால் சோலனாய்டு, ஆயில் பாதை, ஃபேஸர் மூன்றும் அசைகின்றன, வயரிங்கைத் தேடுங்கள். ஒரு மாற்றமும் இல்லை என்றால் எங்கோ சிக்கியிருக்கிறது. ஸ்கேனரில் இதையே பொத்தானில் செய்யும் வசதி இருந்தால் அதுவே பாதுகாப்பு.

சோலனாய்டைக் கழற்றி அதன் வலையை வெளிச்சத்தில் பிடியுங்கள். கறுப்புப் படலம் இருந்தால் பிரேக் கிளீனரில் கழுவி, புது ஓ-ரிங் போட்டு மாட்டுங்கள். சில இன்ஜின்களில் வலை தனியாக, ஹெட்டின் ஓரத்தில் ஒரு போல்ட்டுக்குள் ஒளிந்திருக்கும். அதைப் பார்க்காமல் சோலனாய்டை மட்டும் மாற்றிக் கோடு திரும்பி வருவது நிறைய நடக்கிறது. எம்6 போல்ட் என்றால் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும்.

இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் ஒரே பாக எண் சோலனாய்டு என்றால், புதிது வாங்கும் முன் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுக் காரை ஓட்டுங்கள். பி0011 மறைந்து பி0014 அல்லது பி0015 வந்தால் சோலனாய்டு குற்றவாளி. பி0011 அங்கேயே நின்றால் ஆயில் பாதையோ ஃபேஸரோ. அந்த நிலையில் கேஜ் மாட்டி அழுத்தம் சரி என்று உறுதியானால் மட்டும் ஃபேஸர்.

## அறிகுறி: பி0016 முதல் பி0019 வரை கோடு

இது வேறு குடும்பம். கிராங்க்கும் கேமும் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பி0016, பி0017 முதல் சிலிண்டர் இருக்கும் பேங்க் (சிலிண்டர் வரிசை); பி0018, பி0019 எதிர் பேங்க். வி வடிவ இன்ஜினில் இரண்டு பேங்கிலும் ஒன்றாக வந்தால் இரண்டுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: கிராங்க் சென்சார், கிராங்க் ஸ்புராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்), முதன்மைச் செயின். ஒரே பேங்கில் மட்டும் என்றால் அந்தப் பக்கத்துச் செயின் அல்லது ஃபேஸர்.

முதலில் சென்சார்கள். காந்த முனையில் இரும்புத்தூள் மீசை போல ஒட்டியிருந்தால் துடைத்து மாட்டுங்கள். வயரை அசைத்தபடி லைவ் டேட்டா பாருங்கள். பி0340, பி0341, பி0335 கூடவே வந்திருந்தால் சென்சார் பக்கத்தையே முடிக்க வேண்டும்.

பிறகு கோண அளவு. கிராங்க் ஸ்புராக்கெட்டில் சுமார் 20 பல் என்றால் ஒரு பல் தாவுவது கிராங்க்கில் 18 டிகிரி. ஸ்கேனரோ ஆஸிலோஸ்கோப்போ அந்த அளவு விலகலைக் காட்டினால் பல் தாவியிருக்கிறது. ஐந்தாறு டிகிரி மட்டும் என்றால் செயின் நீண்டிருக்கலாம், அல்லது ஃபேஸர் தன் ஓய்வு நிலைக்குத் திரும்பவில்லை. ஸ்கேனர் கிராங்க் கோணத்தைக் காட்டுகிறதா கேம் கோணத்தைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேம் கோணம் அதில் பாதி.

கம்ப்ரஷனும் துணை சாட்சி. எல்லா சிலிண்டரிலும் சமமாகக் குறைந்தால் டைமிங் பக்கம். ஒன்றில் மட்டும் குறைந்தால் வால்வு அல்லது பிஸ்டன் ரிங்.

குறிகளை நேரில் பார்க்க, கிராங்க் போல்ட்டை இன்ஜின் ஓடும் திசையிலேயே கையால் திருப்புங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் டென்ஷனர் தளர்ந்து, நல்ல இன்ஜினிலும் செயின் தாவக்கூடும். செயினின் வண்ணக் கண்ணிகள் முதல் முறை மாட்டும்போது மட்டும் ஸ்புராக்கெட் புள்ளிகளோடு சேரும். இரண்டு சுற்று சுற்றிய பிறகு அவை விலகியிருப்பது கோளாறு ஆகாது. ஸ்புராக்கெட் புள்ளிகளை மட்டும் நம்புங்கள்.

சில இன்ஜின்களில் கிராங்க் ஸ்புராக்கெட்டுக்கு கீ கிடையாது. நடுப் போல்ட்டின் இறுக்கத்தில் மட்டுமே நிற்கும். பூட்டுக் கருவி இல்லாமல் அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங் அந்த நொடியே போய்விடும். உங்கள் இன்ஜின் அந்த வகை என்றால், கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

## அறிகுறி: செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, லேசாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

செல்ஃப் அடிப்பதை நிறுத்துங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, கேம் தெரிகிற இன்ஜினாக இருந்தால், கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்னொருவரை மெதுவாகக் கால் சுற்று திருப்பச் சொல்லுங்கள். எதிலாவது முட்டினால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். கிராங்க் அசைந்தும் கேம் அசையவில்லை என்றால் அறுந்துவிட்டது. பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும் வகை இன்ஜினில் வால்வு வளைந்திருக்கும். ஹெட்டைக் கழற்றாமல் புது பெல்ட் போடுவதில் பயனில்லை. பெல்ட் மாற்றிய பதிவு இல்லாத பழைய காரை வாங்கினால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு பெல்ட், டென்ஷனர், ஐட்லர், அது சுற்றும் வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

## சரிசெய்த பிறகு முதல் ஸ்டார்ட்

செயினோ பம்ப்போ மாற்றியிருந்தால் டென்ஷனரும் ஆயில் பாதையும் காலியாக இருக்கும். கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பிக் குறிகளை மறுபடி பாருங்கள். ஃபியூல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, 10 விநாடிக்கு மேல் போகாமல் விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் ஃபியூஸைத் திரும்ப மாட்டலாம். கேம் கற்றல் அளவுகளை ஸ்கேனரில் அழிக்கச் சொல்லும் இன்ஜினாக இருந்தால் இப்போதே அழியுங்கள். பழைய, நீண்ட செயினுக்குப் பழகிய எண்ணை வைத்துக்கொண்டு புதுச் செயினுக்கே கோடு போடும். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்து மடிப்புகளைப் பாருங்கள்.